முப்படைகளின் சிறப்புப் படைகளும் ஒரே தலைமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணுவத் தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வார இறுதியில் வகுப்பு எடுக்கிறேன். பாடம் எதுவாக இருந்தாலும் கடைசிப் பத்து நிமிடம் கமாண்டோக்கள் பக்கம் போய்விடும், அதிலும் "முப்படைக்கும் சேர்த்து ஒரு சிறப்புப் படை ஆரம்பிச்சிருக்காங்களாமே" என்ற கேள்வி வராத வாரமே இல்லை. பிள்ளைகள் மட்டுமல்ல, அவர்களைக் கூட்டிக்கொண்டு போக வரும் அப்பாக்களும் கேட்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

சார், சிறப்புப் படைன்னா கமாண்டோதானே? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பேச்சு வழக்கில் ஒன்றாகத்தான் சொல்கிறோம், அதில் பெரிய தப்பில்லை. ஆனால் கமாண்டோ என்ற பெயரைப் போலீஸ் முதல் துணை ராணுவம் வரை எல்லாரும் வைத்துக்கொள்கிறார்கள். சாதாரணப் படைப்பிரிவு போய்ச் செய்ய முடியாத வேலையைச் சின்னக் குழுவாகப் போய்ச் செய்பவர்களைத்தான் ராணுவம் சிறப்புப் படை என்கிறது. எதிரியின் எல்லைக்குள் ஆழமாகப் போவது, நாள்கணக்கில் ஒளிந்திருந்து தகவல் அனுப்புவது, ஒரு பாலத்தையோ தலைமையகத்தையோ தகர்த்துவிட்டுத் திரும்புவது, பணயக்கைதிகளை மீட்பது எல்லாம் இந்த வகை. துப்பாக்கி சுடுவதைவிடக் காத்திருப்பதும் கவனிப்பதும்தான் இவர்கள் வேலையில் அதிகம்.

நம்ம நாட்டுல மொத்தம் எத்தனை சிறப்புப் படை இருக்கு?

முப்படைக்கும் தனித்தனியாக ஒன்று. தரைப்படைக்குப் பாரா எஸ்.எஃப் (பாராசூட் ரெஜிமென்டின் ஸ்பெஷல் ஃபோர்ஸஸ், அதாவது சிறப்புப் படை), கடற்படைக்கு மார்கோஸ், விமானப்படைக்குக் கருட்.

மூத்தது பாரா எஸ்.எஃப். 1965 போரில் மேஜர் மேக் சிங் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு எல்லை தாண்டிப் போய் அடித்த மேக்தூத் படைதான் இதற்கு விதை. அதன் பலனைப் பார்த்து 1966-ல் 9-ஆவது பாரா கமாண்டோ பட்டாலியனைத் தொடங்கினார்கள், அடுத்த வருடமே அதிலிருந்து 10-ஆவது பிரிந்தது. மார்கோஸ் 1987-ல் வந்தது. காஷ்மீரின் வுலர் ஏரியில் காவல் இருந்தபோது தாடியோடு திரிந்ததால் அங்கே 'தாடிக்காரப் பட்டாளம்' என்றே இவர்களுக்குப் பெயர். கருட் இளையது, 2004-ல் விமானத் தளங்களைக் காப்பதற்காக ஏற்படுத்தினார்கள், பிறகு வேலை விரிந்தது.

மெரூன் தொப்பி போட்டவங்க எல்லாருமே எஸ்.எஃப்-ஆ?

இல்லை. பாராசூட் ரெஜிமென்டில் எல்லாருக்கும் அந்த மெரூன் தொப்பிதான், ஆனால் அதில் எஸ்.எஃப் அல்லாத பாராசூட் பட்டாலியன்களும் இருக்கின்றன. எஸ்.எஃப் வீரரைப் பிரித்துக் காட்டுவது பலிதான் பேட்ஜ், அதாவது இறக்கை விரித்த ஒரு குத்துவாள், அடியில் தேவநாகரியில் 'பலிதான்' என்ற எழுத்து. 2019 உலகக் கோப்பையில் தோனியின் கீப்பிங் கையுறையில் பார்த்தீர்களே, அதேதான்.

கரும்பூனைப் படையை விட்டுட்டீங்களே?

வேண்டுமென்றேதான் விட்டேன். கரும்பூனைப் படை எனப்படும் என்.எஸ்.ஜி 1984-ல் உருவானது, 1986-ல் அதற்குத் தனிச் சட்டம் வந்தது, சென்னையிலும் அதற்கு ஒரு மையம் உண்டு. ஆனால் அது உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது, தலைவர் ஒரு ஐ.பி.எஸ் அதிகாரி. தாக்குதலுக்குப் போகும் எஸ்.ஏ.ஜி குழுவில் இருப்பவர்கள் ராணுவத்திலிருந்து சில வருடங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள், அதனால்தான் குழப்பம் வருகிறது. 2008 மும்பைத் தாக்குதலில், அதாவது 26/11-ல், தாஜ் ஹோட்டலில் உயிர் கொடுத்த மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன்கூட பீகார் ரெஜிமென்டிலிருந்து என்.எஸ்.ஜி-க்குப் போனவர்தான்.

சி.ஆர்.பி.எஃப்-இன் கோப்ரா பிரிவும் உள்துறைதான். மாவோயிஸ்டுகளை எதிர்க்கக் காட்டுப் போர்ப் பயிற்சியோடு உருவானது. இந்தப் பக்கத்தில் நான் பேசுவது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் முப்படைகளைப் பற்றி மட்டும்.

மேஜர் முகுந்த் வரதராஜன் பாரா கமாண்டோதானே சார்?

இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அவர் ராஜ்புத் ரெஜிமென்ட் அதிகாரி, 44 ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில் பணியாற்றியவர். 2014 ஏப்ரல் 25 அன்று ஷோபியானில் நடந்த சண்டையில் வீரமரணம் அடைந்தார், அசோக சக்ரா கிடைத்தது. ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் என்பது காஷ்மீரில் தீவிரவாத எதிர்ப்புக்கென்று இருக்கும் படை, சிறப்புப் படை அல்ல. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. அவர் செய்த காரியத்துக்கு வேறொரு படையின் பேட்ஜ் எதற்கு? ராஜ்புத் வீரராகவே அவரை நினைப்பதுதான் மரியாதை.

கூட்டுத் தலைமைன்னா மூணு படையையும் கலைச்சு ஒண்ணாக்கிடுவாங்களா?

இல்லவே இல்லை. பலர் மனதில் இருக்கும் படம் இதுதான்: மூன்று படையையும் கலைத்து, ஒரே சீருடை தைத்துக் கொடுத்து, புதுப் பெயர் வைப்பது. உலகில் எந்தப் பெரிய நாடும் அப்படிச் செய்யவில்லை. கடலுக்கு அடியில் நீந்திப் போய் ஒரு கப்பலில் ஏறுகிறவரை உருவாக்கக் கடற்படையால்தான் முடியும், ஒரு விமானத் தளத்தின் ஓடுபாதைக்கு எது ஆபத்து என்று விமானப்படைக்காரருக்குத்தான் சட்டென்று புரியும்.

கூட்டுத் தலைமையில் மாறுவது வேறு. ஆளை எடுப்பது, வளர்ப்பது, சம்பளம் கொடுப்பது எல்லாம் தாய்ப்படை. வேலை என்று வந்தால் திட்டம் போடுவதும் கட்டளை கொடுப்பதும் ஒரே ஒரு தளபதி. அதைவிட முக்கியம், அந்த வேலைக்கு முன்னால் வருடக்கணக்கில் மூன்று படையையும் சேர்த்துப் பயிற்சி கொடுப்பதும் அவரே. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

தனித்தனியாவே நல்லா சண்டை போடுறாங்களே, அப்புறம் எதுக்கு இது?

சிறப்புப் படை தன் காலில் மட்டும் போய்ச் சேரும் இடங்கள் குறைவு. தரைப்படை வீரரை விமானப்படை ஹெலிகாப்டர் கொண்டுபோய் இறக்க வேண்டும், கடற்படைக் கப்பலில் இருந்து கிளம்ப வேண்டும், திரும்பி வரும்போது யாரோ காத்திருக்க வேண்டும். அதாவது எடுத்த எடுப்பிலேயே அது கூட்டு வேலை. அந்தக் கூட்டு, வேலை நடக்கும் ராத்திரியில்தான் முதல் முறையாகச் சந்தித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா கொடுத்த விலை 1980-ல் ஈரான் பாலைவனத்தில் நடந்தது.

தெஹ்ரானில் பிடித்து வைத்திருந்த அமெரிக்கப் பணயக்கைதிகளை மீட்க ஏப்ரல் 24 ராத்திரி கிளம்பினார்கள். உள்ளே புகுந்து மீட்க வேண்டிய டெல்டா குழு தரைப்படை. ஹெலிகாப்டர்கள் கடற்படையுடையவை, அவற்றை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் மரைன்கள் (அமெரிக்காவில் அது தனிப்படை), எரிபொருளோடு வந்த விமானங்கள் விமானப்படை. நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து 8 ஹெலிகாப்டர் கிளம்பியது. ஒன்று வழியிலேயே கோளாறாகி இறங்கிவிட்டது, ஒன்று புழுதிப் புயலில் திணறித் திரும்பிவிட்டது. பாலைவனத்தில் சந்திப்பு இடத்துக்கு வந்து சேர்ந்த 6-ல் ஒன்றுக்கு ஹைட்ராலிக் கோளாறு. மிச்சம் 5. குறைந்தது 6 இருந்தால்தான் போகலாம் என்று முன்பே முடிவு செய்திருந்ததால் திட்டத்தைக் கைவிட்டார்கள். சரி, திரும்பியாவது போகலாம் என்றால், கிளம்பும் அவசரத்தில் எழுந்த புழுதியில் ஒரு ஹெலிகாப்டர் எரிபொருள் நிரம்பிய சி-130 விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. எதிரி ஒரு குண்டுகூடச் சுடாமல் 8 பேர் செத்தார்கள்.

பிறகு அட்மிரல் ஹாலோவே தலைமையில் விசாரித்த குழு, இதற்கென்று நிரந்தரமான கூட்டு அமைப்பு இல்லாமல் அந்தந்த நேரத்துக்கு ஆள் பொறுக்கிச் சேர்த்ததைச் சுட்டிக்காட்டியது. அதே வருடம் ஜே.எஸ்.ஓ.சி என்ற கூட்டுத் தலைமையகம் வந்தது, 1987 ஏப்ரலில் சோகாம் என்ற முழு கமாண்டே, அதாவது எல்லாச் சிறப்புப் படைகளுக்கும் மேலான பெரிய தலைமையே வந்தது.

அமெரிக்கக் கதை சரி, நம்ம அனுபவத்துல இப்படி ஏதாவது நடந்திருக்கா?

நடந்திருக்கிறது. தமிழர்களுக்கு அதைப் படிப்பது எளிதல்ல, ஏனென்றால் நடந்த இடம் யாழ்ப்பாணம். அந்தப் போர் யார் மனதில் என்ன காயத்தை விட்டுப்போனது என்பதை இங்கே நான் பேசப் புகவில்லை, அது இந்தப் பக்கத்துக்குள் அடங்கவும் அடங்காது. ராணுவ ஏற்பாடு எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில், 10-ஆவது பாரா கமாண்டோ பட்டாலியன் வீரர்களையும் 13-ஆவது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி பட்டாலியன் வீரர்களையும் விமானப்படை ஹெலிகாப்டர்கள் ராத்திரியில் இறக்கின. புலிகளுக்கு ஆபரேஷன் பற்றி முன்பே தெரிந்திருந்தது, காத்திருந்தார்கள். குண்டு பட்ட ஹெலிகாப்டர்களால் அடுத்தடுத்த நடைகளைத் தொடர முடியவில்லை. முதலில் இறங்கிய 30 சீக்கிய வீரர்கள் துணைக்கு ஆள் வராமல் தனியாக மாட்டிக்கொண்டார்கள். 29 பேர் இறந்தார்கள், ஒருவர் சிறைபிடிக்கப்பட்டார்.

26/11 மும்பை வேறு வகைப் பாடம். மார்கோஸ் முதலில் ஹோட்டலுக்குள் போனார்கள், பிறகு டெல்லியிலிருந்து விமானத்தில் வந்த என்.எஸ்.ஜி பொறுப்பேற்றது, நகரப் போலீசும் ராணுவமும் வெளியே நின்றன. வீரத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சீருடைக்கும் மேலே ஒவ்வொரு மேலதிகாரி.

நம்ம நாட்டுல இது எப்ப வந்துச்சு? பேரு என்ன?

நரேஷ் சந்திரா தலைமையிலான குழு 2012-ல் கொடுத்த அறிக்கையில், சிறப்பு நடவடிக்கைகளுக்கு, சைபருக்கு, விண்வெளிக்கு என மூன்று கூட்டு கமாண்டுகள் வேண்டும் என்றது. 2018-ல் அரசு ஒப்புதல் கொடுத்தபோது மூன்றுமே சற்றுச் சுருங்கி வந்தன. சைபரும் விண்வெளியும் ஏஜென்சி ஆயின, சிறப்பு நடவடிக்கைக்கானது ஆயுதப்படைகளின் சிறப்பு நடவடிக்கை டிவிஷன் ஆனது. ஆங்கிலச் சுருக்கத்தில் ஏ.எஃப்.எஸ்.ஓ.டி. 2019-ல் மேஜர் ஜெனரல் ஏ.கே. திங்க்ரா முதல் தலைவராக நியமிக்கப்பட்டார். பாரா எஸ்.எஃப், மார்கோஸ், கருட் மூன்றிலிருந்தும் இதற்கு ஆட்கள் வருகிறார்கள். அந்த வருடமே அந்தமானில் சேர்ந்து பயிற்சி செய்தார்கள்.

இது டெல்லியில் உள்ள ஒருங்கிணைந்த பாதுகாப்புப் படைத் தலைமையகத்தின் கீழ் வருகிறது. கார்கில் போருக்குப் பிறகு 2001-ல் ஏற்படுத்திய அமைப்பு அது. 2020 ஜனவரியில் ஜெனரல் பிபின் ராவத் முதல் முப்படைத் தலைமைத் தளபதி ஆனதும் அந்தத் தலைமையகம் அவர் கைக்கு வந்தது.

அப்ப 2016 சர்ஜிக்கல் ஸ்ட்ரைக் பண்ணது இவங்கதானா?

தேதியைப் பாருங்கள். 2016 செப்டம்பரில் இந்த டிவிஷனே கிடையாது. அதைச் செய்தது 4-ஆவது, 9-ஆவது பாரா பட்டாலியன் வீரர்கள், முழுக்கத் தரைப்படையின் வடக்குக் கமாண்டுக்குக் கீழே. எல்லைக்கு நடந்து போய் நடந்து திரும்பும் தூரம் என்பதால் ஒரே படைக்குள் முடிந்தது. 2015-ல் மியான்மர் எல்லையில் 21-ஆவது பாரா பட்டாலியன் செய்ததும் தரைப்படைத் திட்டம்தான். கூட்டுத் தலைமை வந்துவிட்டது என்பதற்காக இப்படிப்பட்ட வேலைகள் எல்லாம் அதற்குப் போய்விடாது.

டிவிஷன், கமாண்ட், ரெண்டும் ஒண்ணுதானே? பேருல என்ன இருக்கு?

பேரில்தான் எல்லாம் இருக்கிறது. டிவிஷனுக்குத் தலைவர் மேஜர் ஜெனரல், அதாவது இரண்டு நட்சத்திர அந்தஸ்து. நம் கமாண்டுகளுக்குத் தலைவர் மூன்று நட்சத்திர அதிகாரி. மேசையில் உட்கார்ந்து "எனக்கு இத்தனை ஹெலிகாப்டர் வேண்டும், இந்தப் பட்டாலியன் இரண்டு மாதம் என்னோடு பயிற்சிக்கு வரட்டும்" என்று கேட்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் நம்மைவிட மூத்தவர் என்றால் என்ன ஆகும் என்பது எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கும் தெரியும்.

அமெரிக்க சோகாமுக்கு நான்கு நட்சத்திரத் தளபதி. தரைப்படை, கடற்படை, விமானப்படை, மரைன் என்று நான்கு சிறப்புப் படைக் கிளைகளும் அதற்குக் கீழே. அதைவிடப் பெரிய பலம், சட்டமே அதற்குத் தனி நிதித் தலைப்பைக் கொடுத்திருக்கிறது, தனக்கே உரிய கருவிகளைத் தானே வாங்கலாம். பிரிட்டனில் சிறப்புப் படைகளுக்கென்று ஒரு இயக்குநர் இருக்கிறார், தரைப்படையின் எஸ்.ஏ.எஸ்-உம் கடற்படையின் எஸ்.பி.எஸ்-உம் அவருக்குக் கீழே. பிரான்ஸ் 1992-ல் கூட்டுத் தலைமை அமைத்தது. எங்கள் வகுப்பில் யாராவது "நாம அமெரிக்கா மாதிரி ஆயிட்டோம்" என்றால் நான் கேட்பது ஒன்றுதான்: தனிப் பணம் இருக்கிறதா, தனி ஹெலிகாப்டர் இருக்கிறதா?

ஒரு ராணுவ அதிகாரிக்குக் கீழ இருக்கற மார்கோஸ் வீரர் தப்பு பண்ணா யாரு தண்டிக்கிறது?

இதைக் கேட்ட பெண்ணுக்கு வகுப்பில் கைதட்டச் சொன்னேன். பல வருடம் இதற்கு நல்ல பதில் கிடையாது. தரைப்படைக்கு 1950-ஆம் வருடச் சட்டம், விமானப்படைக்கும் 1950-ல் வந்த தனிச் சட்டம், கடற்படைக்கு 1957. கூட்டு அமைப்பின் தளபதி வேறு படைக்காரர் என்றால் தன் கீழ் இருப்பவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க அவருக்கு அதிகாரம் இருக்கவில்லை, அந்த ஆளைத் தாய்ப்படைக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. கட்டளை போடலாம், மீறினால் தண்டிக்க முடியாது என்றால் அது எப்படிப்பட்ட தலைமை?

2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய முப்படைக் கூட்டு அமைப்புகள் சட்டம் இதைச் சரி செய்தது, 2024 மே 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று பழைய சட்டங்களும் அப்படியே இருக்கின்றன. கடற்படை வீரர்மேல் கடற்படைச் சட்டப்படிதான் நடவடிக்கை, ஆனால் அதை எடுக்கும் அதிகாரம் கூட்டுத் தளபதிக்கு உண்டு. செய்தியில் பெரிதாக வராத சட்டம் இது. என்னைக் கேட்டால் கூட்டுத் தலைமைக்காக இதுவரை நடந்த காரியங்களில் இதுதான் மிகப் பெரியது.

கடற்கொள்ளைக்காரங்கள பிடிக்க மார்கோஸ் விமானத்துலேர்ந்து குதிச்சாங்களே, அது கூட்டு ஆபரேஷனா?

எம்.வி. ரூயன் கப்பலைச் சொல்கிறீர்கள். சோமாலியக் கொள்ளையர்கள் 2023 டிசம்பரில் கடத்திய சரக்குக் கப்பல். 2024 மார்ச்சில் ஐ.என்.எஸ் கொல்கத்தா அதை நடுக்கடலில் மறித்து நின்றது. மார்ச் 16 அன்று விமானப்படையின் சி-17 சரக்கு விமானம், இந்தியக் கரையிலிருந்து சுமார் 2600 கிலோமீட்டர் பறந்து போய், இரண்டு ரப்பர் படகுகளையும் மார்கோஸ் வீரர்களையும் பாராசூட்டில் கடலில் இறக்கியது. 35 கொள்ளையர்களும் சரணடைந்தார்கள், மாலுமிகள் 17 பேரும் காயமில்லாமல் மீண்டார்கள்.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவ்வளவு பெரிய விமானத்தின் பின்கதவு நடுக்கடலுக்கு மேல் திறக்கிறது. முதலில் படகு போக வேண்டும், பின்னாலேயே ஆள் போக வேண்டும், தண்ணீரில் விழுந்த ஆள் தன் படகை அலைக்கு நடுவே கண்டுபிடிக்க வேண்டும். விமானி வேகத்தைக் கொஞ்சம் தப்பாக வைத்தால் படகு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். விமானப்படையும் கடற்படையும் முன்பே சேர்ந்து பழகியிருந்தால்தான் இது முடியும். நான் மேலே சொன்ன 1980 பாலைவனத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

இந்த டிவிஷன்ல நேரடியா சேர முடியுமா?

முடியாது. முதலில் ஏதாவது ஒரு படையில் சேர்ந்து, அந்தப் படையின் சிறப்புப் பிரிவுக்கு விருப்பம் தெரிவித்து, புரொபேஷன் என்ற கடினமான தேர்வுக் காலத்தைத் தாண்டி, அங்கே சில வருடம் தேறிய பிறகுதான் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டும். சம்பளமும் பதவி உயர்வும் தாய்ப்படை வழியாகத்தான். "நேரடி ஆள்சேர்ப்பு" என்று யாராவது பணம் கேட்டால் ஏமாற்று வேலை, உடனே போலீசில் சொல்லுங்கள்.

திபெத்தியர்கள் இருக்கற ரகசியப் படையும் இதுல வருமா?

நீங்கள் கேட்பது எஸ்.எஃப்.எஃப், அதாவது சிறப்பு எல்லைப் படை; 'எஸ்டாப்ளிஷ்மென்ட் 22' என்றும் சொல்வார்கள். 1962 நவம்பரில், சீனப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, திபெத்திய அகதிகளை வைத்துச் சக்ராதாவில் தொடங்கியது. 1971-ல் சிட்டகாங் மலைப்பகுதியில் சண்டையிட்டார்கள், 2020-ல் லடாக்கின் கைலாஷ் மலைத்தொடரில் உச்சிகளைப் பிடித்ததிலும் இருந்தார்கள். இது அமைச்சரவைச் செயலகத்தின் கீழ் இருப்பது, அதனால் முப்படை டிவிஷனுக்குள் வராது. கரும்பூனை விஷயத்தில் சொன்ன அதே காரணம்தான், அமைச்சகம் வேறு.

எல்லா எஸ்.எஃப் ஆளையும் டெல்லிக்குக் கீழ கொண்டுபோயிட்டா காஷ்மீர்ல இருக்கற தளபதி யாரை வெச்சு சண்டை போடுவாரு?

நியாயமான பயம், படைகளுக்குள் இருக்கும் தயக்கத்துக்கும் இதுதான் காரணம். பாரா எஸ்.எஃப் வீரர்கள் பல வருடமாகக் காஷ்மீரில் தினசரி தேடுதல் வேட்டைகளில் இருக்கிறார்கள். கருட் வீரர்களும் அங்கே தரைப்படையோடு சேர்ந்து போகிறார்கள். கார்ப்பொரல் ஜோதி பிரகாஷ் நிராலா 2017 நவம்பரில் பந்திப்போராவில் அப்படிப் போய் உயிர்விட்ட விமானப்படை வீரர், அவருக்கும் அசோக சக்ரா. இவர்களை எல்லாம் ஒரே நாளில் உருவினால் அந்தத் தளபதியின் கை உடைந்த மாதிரி.

அதனால்தான் டிவிஷன் எல்லாரையும் எடுத்துக்கொள்ளவில்லை, ஒரு பகுதியைத்தான். ஆனால் மறுபக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும். தூரத்து எல்லைக்குள் போய் வரப் பயிற்சி பெற்ற ஒருவரை வருடம் முழுக்க வீடு வீடாகத் தேடும் வேலையில் வைத்தால், அவர் கற்ற மற்ற எல்லாம் மழுங்கிப்போகும். கடலில் இறங்குவதையும் இருட்டில் ஹெலிகாப்டரோடு வேலை செய்வதையும் மாதக்கணக்கில் பழகாமல் விட்டால் கை மறந்துவிடும். ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் செய்யக்கூடிய வேலையை அவர்களிடமே விட்டுவிட்டு, ஒவ்வொரு எஸ்.எஃப் பட்டாலியனையும் வருடத்தில் சில மாதமாவது மற்ற இரண்டு படைகளோடு சேர்த்துப் பயிற்சிக்கு அனுப்பலாம். அதற்கு டிவிஷன் தலைவரின் கையில் தனி நிதியும், பெயர் சொல்லி ஒதுக்கிய ஹெலிகாப்டர்களும், கேட்டால் மறுக்க முடியாத மூன்றாவது நட்சத்திரமும் வேண்டும். இந்த மூன்றும் வந்த பிறகு யாராவது "நாம அமெரிக்கா மாதிரி ஆயிட்டோமா" என்று கேட்டால் என் பதில் மாறும்.